யார் பட்ட கடன்

டயாரி ஜோன்ஸின் ‘ஆன் அமெரிக்கன் மேரேஜ்’ நாவலில் நீதிமன்றத்துக்குக் கிடைத்திருக்கும் இடம் மிகக் குறைவு. ராய் ஹாமில்டனும் செலஸ்டியல் டாவன்போர்ட்டும் அட்லாண்டாவில் வாழும் இளம் கறுப்பினத் தம்பதி. மணமாகி ஒன்றரை ஆண்டு. லூசியானாவில் ஈலோ என்ற சிற்றூரில் இருக்கும் ராயின் பெற்றோரைப் பார்க்க விடுமுறைக்குப் போகிறார்கள். இரவு ஒரு விடுதியில் தங்குகிறார்கள். அதே விடுதியில் தங்கியிருந்த ஒரு பெண் அன்றிரவு பாலியல் வல்லுறவுக்கு ஆளாகிறாள். செய்தவன் ராய்தான் என்று அடையாளம் சொல்கிறாள். போலீஸ் கதவை உடைத்து நுழைகிறது. கணவன் மனைவி இருவரையும் வெளியே இழுத்து வந்து வாகன நிறுத்தத்தின் தார்த்தரையில் குப்புறக் கிடத்துகிறது. ராய்க்குப் பன்னிரண்டு ஆண்டுச் சிறை; ஐந்து ஆண்டு கழிந்ததும் வெளியே விடப்படுகிறான்.

ராய் அதைச் செய்யவில்லை. வாசகருக்குச் சந்தேகம் வர ஆசிரியர் இடமே வைக்கவில்லை. அந்த நேரத்தில் அவன் பக்கத்தில் இருந்தவள் செலஸ்டியல். கூண்டேறிச் சாட்சி சொன்னாள், ஜூரி நம்பவில்லை. உண்மையைத் துப்புத் துலக்கிக் கண்டுபிடிக்கும் கதையாக இதை எழுதியிருந்தால் படித்து முடித்து மூடி வைத்திருப்பேன். உண்மை தெரிந்தே இருக்கிறது, அதனால் ஒரு பயனும் இல்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாட்கள் எப்படி நகர்கின்றன என்பதில்தான் ஜோன்ஸின் கண் இருக்கிறது.

*

விடுதி அறையில் நடக்கும் சண்டையைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ராய் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறான். அப்பா பிக் ராய் அவனைப் பெற்றவர் அல்ல. கைக்குழந்தையோடு நின்ற அவன் தாயை மணந்து, அந்தக் குழந்தைக்குத் தன் பெயரையே வைத்தவர். இதை ஏன் கல்யாணத்துக்கு முன்பே சொல்லவில்லை என்று செலஸ்டியல் கேட்கிறாள். வார்த்தை தடிக்கிறது.

இப்படிப்பட்ட நேரத்துக்கென்று அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. இருவரும் முதன்முதலாகச் சேர்ந்து வெளியே போனது ஒரு நவம்பர் 17. சண்டை முற்றும்போது யாராவது அந்தத் தேதியைச் சொல்லிவிட்டால் கால் மணி நேரம் இருவரும் பேசக் கூடாது. அன்றும் தேதி சொல்லப்படுகிறது. ராய் ஐஸ் எடுத்துவர வெளியே போகிறான். அந்த இடைவெளியில்தான் கையில் கட்டுப் போட்ட அந்தப் பெண்ணைப் பார்க்கிறான். அவளுக்கு அவன் அம்மா வயது இருக்கும். ஒத்தாசையாக அவள் அறைவரை போய்விட்டு வருகிறான்.

சண்டையில் ஒருவரையொருவர் காயப்படுத்திவிடாமல் இருக்க இருவரும் அன்போடு செய்துகொண்ட ஏற்பாடு அது. ராயின் முகம் அந்தப் பெண்ணின் நினைவில் பதிந்தது அந்தக் கால் மணி நேரத்தில். கறுப்பின ஆண் ஒருவன் செய்த சிறு உதவியே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. ஜோன்ஸ் இதை அழுத்திச் சொல்வதில்லை, சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். எனக்குத்தான் நகர முடியவில்லை. ஐந்து ஆண்டுகளில் எத்தனை இரவு செலஸ்டியல் அந்தக் கால் மணி நேரத்தை எண்ணிப் பார்த்திருப்பாள்? வாயை மூடிக்கொள்ளாமல் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றாமல் இருந்திருக்குமா?

*

நாவல் பிறந்த விதத்தை ஜோன்ஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஹார்வர்டின் ராட்கிளிஃப் ஆய்வு நிலையத்தில் இருந்துகொண்டு சிறைகளைப் பற்றி வாசித்துக் குவித்துக்கொண்டிருந்த காலம். தகவல் நிறையச் சேர்ந்தது, கதை மட்டும் வரவில்லை. அட்லாண்டாவுக்குத் தாயைப் பார்க்க வந்தபோது ஒரு வணிக வளாகத்தில் கணவன் மனைவி போல் இருந்த இருவர் வாதிடுவது காதில் விழுந்தது. நீயாக இருந்தால் எனக்காக ஏழு ஆண்டு காத்திருக்க மாட்டாய் என்கிறாள் அவள். உனக்கு இப்படி நடந்தே இருக்காது என்கிறான் அவன். இரண்டு பேர் சொன்னதும் சரி. அந்த இரண்டு வாக்கியங்களுக்குள் முழு நாவலும் அடங்கியிருக்கிறது.

புள்ளிவிவரம் கதை ஆகாது என்பது உண்மைதான். ஆனால் அந்த எண்கள் தெரியாமல் ராயை ஓர் அபூர்வமான துரதிர்ஷ்டசாலி என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 13 சதவீதம். சிறைகளில் மூன்றில் ஒரு பங்கு. தவறாகத் தண்டிக்கப்பட்டுப் பின்னர் நிரபராதி என விடுவிக்கப்பட்டவர்களைப் பற்றி 2022-இல் வெளியான தேசியப் பதிவேட்டின் அறிக்கை, அவர்களில் 53 சதவீதம் பேர் கறுப்பினத்தவர் என்கிறது. பாலியல் குற்ற வழக்குகளில் இப்படி நடப்பதற்கு முக்கியக் காரணம் ஆள் மாறி அடையாளம் காட்டுவது. அதிலும் வெள்ளையினத்தவர் கறுப்பின முகங்களைப் பிரித்தறியத் தவறுவது. 1931-இல் அலபாமாவில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள் ரயிலிலிருந்து இறக்கப்பட்டு, பொய்யான பாலியல் புகாரில் ஸ்காட்ஸ்போரோவில் விசாரிக்கப்பட்டதிலிருந்து வரும் நீண்ட வரிசை இது. அவர்களில் இளையவனுக்குப் பதின்மூன்று வயது இருக்கும்.

*

நாவலின் நடுப்பகுதி கடிதங்கள். முதலில் நீளமாக, கொஞ்சலாக, நம்பிக்கையோடு எழுதிக்கொள்கிறார்கள். மின்னஞ்சலில் பேசிப் பழகிய தலைமுறை, காகிதத்தில் காதல் கடிதம் எழுதக் கற்றுக்கொள்கிறது. போகப் போகக் கடிதங்கள் சுருங்குகின்றன, தேதிகள் தள்ளித் தள்ளி விழுகின்றன.

செலஸ்டியல் துணியில் பொம்மை செய்பவள். அவள் செய்த ஒரு பொம்மை பெரிய பரிசு பெறுகிறது. சிறை உடுப்பு அணிந்த கறுப்பினக் குழந்தை. முகம் ராயின் குழந்தை முகம். பரிசைப் பற்றிப் பேசும்போது தன் கணவன் சிறையில் இருப்பதை அவள் சொல்லவில்லை. ராய் கேட்கிறான், ஏன் சொல்லவில்லை? அவளிடம் பதில் இருக்கிறது. தன் கலையைப் பார்க்க வருகிறவர்கள் கைதியின் மனைவியைப் பார்த்துவிட்டுப் போவதை அவள் விரும்பவில்லை.

இந்த இடத்தில் நான் இருவர் பக்கமும் நிற்கிறேன். தன் முகத்தை எடுத்துக்கொண்டு தன் பெயரை விட்டுவிட்டாள் என்று அவனுக்கு வலிக்கிறது. அது பொய்யான வலி அல்ல. அவளும் தவறு செய்யவில்லை. ஒரு பெண் வாழ்நாளெல்லாம் பாடுபட்டுச் செய்த வேலையும்கூட ‘அவன் மனைவி’ என்ற ஒரு அடைமொழிக்குள் போய்விடும் என்று அவள் பயந்தது நியாயம்தான். விடுதலையாகி ஒரே வீட்டில் இருந்திருந்தால் இது ஒரு மாலைச் சண்டை. நவம்பர் 17 என்று யாராவது சொல்லியிருப்பார்கள், கால் மணியில் ஆறியிருக்கும். கடிதத்தில் ஒரு பதில் வர வாரங்கள் ஆகின்றன.

*

செலஸ்டியலைப் பல வாசகர்களுக்குப் பிடிப்பதில்லை. மூன்றாம் ஆண்டு வாக்கில் இனி உன் மனைவியாக இருக்க முடியாது என்று எழுதிவிடுகிறாள். விவாகரத்து கேட்கவில்லை, சிறைக்குப் பணம் அனுப்புவதை நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டில் குழந்தையிலிருந்து கூடவே வளர்ந்த ஆந்த்ரேயுடன் வாழத் தொடங்குகிறாள். ராயை அவளுக்கு அறிமுகம் செய்துவைத்ததும் ஆந்த்ரேதான்.

முதலில் முழு நாவலையும் அவள் குரலில் மட்டும் எழுதிப் பார்த்ததாகவும், படித்தவர்கள் அவள்மேல் கோபப்பட்டதாகவும் ஜோன்ஸ் சொல்லியிருக்கிறார். அதன் பிறகுதான் மூவரும் மாறி மாறிப் பேசும் இந்த வடிவம் வந்தது. அப்படியும் கோபம் முழுதாகத் தீரவில்லை என்பது என் எண்ணம். ஏன் தீர வேண்டும்? ஐந்து ஆண்டு காத்திருக்கக் கூடாதா என்று நமக்கும் தோன்றத்தான் செய்கிறது. ஆனால் ஐந்து என்பது திரும்பிப் பார்க்கும்போது தெரியும் எண். அவள் முன்னால் இருந்தது பன்னிரண்டு.

சிலப்பதிகாரத்தில் ஊறிய மனம் இங்கே கண்ணகியிடம் போகாமல் இருக்காது. அங்கும் தவறான தீர்ப்பு, அங்கும் செய்யாத குற்றம். கண்ணகியின் நீதி சில நாழிகைக்குள் நடந்து முடிகிறது: சிலம்பு உடைகிறது, அரசன் விழுகிறான், நகரம் எரிகிறது. கணவன் இறந்துவிட்டான், இனி அவனுக்கு வயதாகாது, அவன் கடிதம் எழுத மாட்டான். செலஸ்டியலின் கணவன் உயிரோடு இருக்கிறான், மாறிக்கொண்டே இருக்கிறான். உடைக்க ஒரு சிலம்பு அவளிடம் இல்லை. மேல்முறையீடு இருக்கிறது, குடும்பத்துக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறார், அடுத்த தேதி இருக்கிறது.

அவளை அதிகம் கடிந்துகொள்பவர் அவள் தகப்பனார். ராய் இந்த அரசு பிடித்துவைத்திருக்கும் பிணைக்கைதி, அவனுக்காக நிற்பது உன் கடமை என்பது அவர் வாதம். வலுவான வாதம். அதே தகப்பனார் ஒரு மனைவி இருக்கும்போதே இவள் தாயைக் காதலித்துக் கைப்பிடித்தவர். இனத்துக்குச் செய்ய வேண்டிய கடமை மட்டும் மகளுக்கு வருகிறது.

இங்கேதான் எனக்குப் புரியத் தொடங்கியது. ராய்க்கு ஐந்து ஆண்டுகளைக் கடன்பட்டிருப்பது லூசியானா மாநிலம். ஒரு மன்னிப்புக்கூடக் கேட்காமல் அது அவனை வெளியே விடுகிறது. அந்தக் கடனைச் செலஸ்டியல் தன் உடம்பாலும் தன் ஆண்டுகளாலும் அடைக்க வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். அவள் தகப்பனார், ராய், படிக்கும் நாம். மாநிலத்திடம் கேட்க யாருக்கும் வழி தெரியாததால் அவளிடம் கேட்கிறோம்.

இது நாவலுக்குள் மட்டும் இருப்பதில்லை. சிறையிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புக்குப் பணம் கட்டுவது வெளியே இருப்பவர்கள், பெரும்பாலும் பெண்கள். வாஷிங்டனில் மார்த்தா ரைட் என்ற பாட்டி, பேரனுடன் பேசும் கட்டணம் தாங்காமல் வழக்குத் தொடுத்து, பிறகு 2003-இல் தகவல்தொடர்பு ஆணையத்திடம் மனுக் கொடுத்தார். கட்டணத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் அவர் பெயரிலேயே 2023 ஜனவரியில் கையெழுத்தானது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

*

அடிமைமுறைக் காலத்தில் கறுப்பினத்தவரின் திருமணத்துக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. மனைவி ஒரு மாநிலத்துக்கும் கணவன் இன்னொன்றுக்கும் விற்கப்படலாம், பாதிரியார் முன்னால் சொன்ன சத்தியம் விற்பனையைத் தடுக்காது. 1865-க்குப் பிறகு விடுதலை பெற்றவர்கள் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, ஒருவரையொருவர் தேடியது. நியூ ஆர்லியன்ஸில் வெளிவந்த ‘சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட்’ பத்திரிகையில் ‘லாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்’ என்றே ஒரு பகுதி இருந்தது. சந்தாதாரர் அல்லாதவர்களுக்கு ஒரு விளம்பரத்துக்கு ஐம்பது சென்ட். ஞாயிறு வழிபாட்டில் போதகர்கள் அதை உரக்க வாசிக்க வேண்டும் என்ற வேண்டுகோளும் கூடவே அச்சாகும். எந்த எசமானிடம் இருந்தோம், யாருக்கு விற்கப்பட்டார், அம்மா பெயர் என்ன, கடைசியாகப் பார்த்தது எந்த ஊரில்: அவ்வளவுதான் இருக்கும். பிரிந்து முப்பது நாற்பது ஆண்டு ஆனவர்கள் தேடியிருக்கிறார்கள்.

தேடிக் கண்டுபிடித்தபோது சிலருக்கு இன்னொரு சிக்கல் காத்திருந்தது. செத்துவிட்டான் என்றோ இனி வரமாட்டான் என்றோ நினைத்து மனைவி வேறொருவரை மணந்திருப்பாள். இப்போது முதல் கணவன் வாசலில் நிற்கிறான். யாருடன் வாழ்வது? விடுதலை பெற்றவர்களுக்காக அமைத்த ஃப்ரீட்மென்ஸ் பீரோவின் அதிகாரிகள் இதற்கு விதிகளே வகுக்க வேண்டி வந்தது. பிள்ளைகள் யாருக்குப் பிறந்தவர்கள் என்று பார்த்து முடிவு சொன்னார்கள்.

செலஸ்டியல் வாசலில் ராய் நிற்கும் காட்சியை இதை அறிந்த பிறகு வேறு மாதிரிப் படிக்கிறேன். அவள் பூட்டை மாற்றவில்லை. அவனிடம் இருந்த பழைய சாவி திறக்கிறது. ஐந்து ஆண்டாக அந்தப் பூட்டை மாற்றாமல் வைத்திருந்தது காதலா, குற்ற உணர்ச்சியா, சோம்பலா? நாவல் பதில் சொல்லவில்லை. ராய் அதைக் காதல் என்று எடுத்துக்கொள்கிறான். அவன் நிலையில் யாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

*

காதலைப் பற்றிப் பேசும் இந்த நாவலில் என் மனம் போய் நிற்பது பிக் ராயிடம். ராய் சிறையில் இருக்கும்போதே தாய் ஆலிவ் இறந்துவிடுகிறாள். கல்லறைத் தோட்டத்தில் குழி மூட ஆட்கள் தயாராக நிற்கிறார்கள். பிக் ராய் அவர்களை நிறுத்திவிட்டுக் கோட்டோடு மண்வெட்டியை எடுக்கிறார். பெட்டிமேல் மண் விழும் சத்தம் முதலில் கேட்கிறது, பிறகு மண்மேல் மண். முழுக் குழியையும் ஒற்றை ஆளாக மூடுகிறார். செலஸ்டியலும் ஆந்த்ரேயும் அதைப் பார்க்கிறார்கள். தன்னால் அப்படி ஒரு மனைவியாக இருக்க முடியுமா என்ற கேள்வி அன்று செலஸ்டியலுக்கு எழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த இரவில்தான் அவளும் ஆந்த்ரேயும் நெருங்குகிறார்கள். இதை எழுத ஜோன்ஸுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்.

பெற்றவர் வேறு இடத்தில் இருக்கிறார். ராயின் அறையில் உடனிருக்கும் வயதான கைதி வால்ட்டர்தான் அவன் தகப்பன் என்பது கடிதம் ஒன்றில் தெரியவருகிறது. இது நம்ப முடியாத தற்செயல் என்று சிலருக்குத் தோன்றலாம். நான் நம்பினேன். சில ஊர்களில் தந்தையும் மகனும் சந்தித்துக்கொள்ள வாய்ப்புள்ள இடம் சிறைதான் என்ற நிலைக்கு அந்த நாடு வந்திருக்கிறது. ஒருவர் பெயர் கொடுத்தார், மற்றவர் சிறைக்குள் அவன் உயிரைக் காத்தார். ராய்க்கு இரண்டு தகப்பன்களும் தேவைப்பட்டார்கள்.

*

காத்திருந்தவர்களும் உண்டு. கேரட் பிராட்லியின் ‘டைம்’ என்ற ஆவணப்படம் 2020-இல் வந்தது. லூசியானாவைச் சேர்ந்த ஃபாக்ஸ் ரிச். கணவர் ராபர்ட் கொள்ளை வழக்கில் அறுபது ஆண்டு தண்டனை பெற்று அங்கோலா சிறையில் இருந்தவர். அங்கோலா பதினெட்டாயிரம் ஏக்கர், முன்பு அடிமைகள் உழைத்த தோட்டம். பெயரும் அந்த அடிமைகள் பிடித்துவரப்பட்ட நாட்டின் பெயர். ஃபாக்ஸ் தானும் அதே வழக்கில் சிறை சென்று வந்து, ஆறு மகன்களை வளர்த்து, கணவருக்காக அலுவலகம் அலுவலகமாகத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நீதிபதியின் உதவியாளர், உத்தரவு இன்னும் எழுதப்படவில்லை என்கிறார். நன்றி, நாளை அழைக்கிறேன் என்று பணிவாகச் சொல்லித் தொலைபேசியை வைக்கிறார் ஃபாக்ஸ். கணவர் 2018-இல், 21 ஆண்டு கழித்து வெளியே வருகிறார்.

ராபர்ட் குற்றம் செய்தவர், ராய் செய்யாதவன். மனைவிமார் செய்ததோ நேர்மாறு. ஃபாக்ஸ் ரிச்சைக் காட்டிச் செலஸ்டியலைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 21 ஆண்டு கேட்ட அரசிடம்தான் கேட்க வேண்டும்.

*

ராய் வந்த பிறகு நடப்பவை வேகமாக நடக்கின்றன. கிறிஸ்துமஸ் நேரம். அடிதடி, ஆந்த்ரே ரத்தம் சிந்துகிறான். வாசலில் நிற்கும் பழைய ஹிக்கரி மரத்தைக் கோடரியால் வெட்டுகிறான் ராய், செலஸ்டியலும் ஆந்த்ரேயும் குழந்தையிலிருந்து பார்த்து வளர்ந்த மரம் அது. செலஸ்டியல் ஒரு கட்டத்தில் சரி, உன்னோடே இருக்கிறேன் என்று முடிவெடுக்கிறாள். அவள் கடனைத்தான் கட்ட வந்திருக்கிறாள் என்பது ராய்க்குத் தெரிந்துவிடுகிறது. அவன் வாங்கிக்கொள்ளவில்லை. நாவலில் ராய் எனக்கு மிகப் பிரியமானவனாகும் இடம் இதுதான். எல்லாம் பறிபோனவன், தன் கைக்கு வந்த ஒன்றைத் தன்னுடையதல்ல என்று விடுகிறான்.

கடைசிக் கடிதங்களில் செலஸ்டியல் ஆந்த்ரேயின் குழந்தையைச் சுமக்கிறாள். திருமணம் வேண்டாம் என்கிறாள். ராய் ஈலோவில் இருக்கிறான், பள்ளியில் உடன் படித்த டவீனாவோடு. இதை நல்ல முடிவு என்றோ சோக முடிவு என்றோ சொல்லத் தெரியவில்லை. 2018-இல் வந்த நாவல், 2019-இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசு பெற்றது. பரிசு கொடுத்தவர்களும் இந்த முடிவோடு கொஞ்ச நாள் திண்டாடியிருப்பார்கள்.

*

ராயைத் தண்டித்த லூசியானாவில் பன்னிரண்டு ஜூரர்களும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் நீண்ட காலம் இல்லை. 1898-இல் வெள்ளையர் ஆதிக்கத்தை நிலைநாட்டவே கூடுகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கூடிய அரசியல் சட்ட மாநாடு அந்த விதியைக் கொண்டுவந்தது. ஒன்பது பேர் சொன்னால் போதும். கறுப்பின ஜூரர் ஓரிருவர் உள்ளே வந்துவிட்டாலும் அவர்கள் வாக்கு எண்ணப்படாது. 1974-இல் ஒன்பது பத்தானது. நாவல் வந்த அதே 2018 நவம்பரில் மக்கள் வாக்களித்து விதியை மாற்றினார்கள். 2020-இல் உச்ச நீதிமன்றமும் இத்தகைய தீர்ப்புகள் செல்லாது என்றது.

2021-இல் தெட்ரிக் எட்வர்ட்ஸின் வழக்கில் தீர்ப்பு வந்தது. 2007-இல் ஆயுள் தண்டனை பெற்ற கறுப்பினத்தவர், ஜூரி ஒருமனதாக இல்லாமல் தண்டிக்கப்பட்டவர். மேல்முறையீடு முடிந்துபோன பழைய வழக்குகளுக்குப் புதிய விதி பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு லூசியானாவின் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அப்படித் தண்டனை பெற்றவர்கள் ஆயிரத்துக்கும் மேல் இருந்தார்கள். எட்வர்ட்ஸின் ஜூரியில் கறுப்பினத்தவர் ஒரே ஒருவர். எட்வர்ட்ஸ் குற்றவாளி அல்ல என்று வாக்களித்தவர் அவர்.